போலந்துக் குசினியில் ஒரு கருவாட்டுப் பை

என் தங்கை நிரோஷினியை இலகுவில் யாரும் ஏமாற்ற முடியாது. பாடசாலைக் காலத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியை யாராவது திறந்து பார்த்திருந்தால், மூடியில் கை வைத்ததுமே சொல்லிவிடுவாள். அப்படி வளர்த்தது நான்தான். அம்மா எங்களை விட்டுப் போனபோது அவள் சின்னப்பிள்ளை. நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்தேன். அப்பா கடலுக்குப் போய்விட்டால் இரண்டு பெண் பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீடு. கதவைத் தட்டுகிறவர் யார் என்று குரல் கேட்காமல் திறக்கக் கூடாது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் ஊரைக் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. இவற்றையெல்லாம் செபம் சொல்லிக் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். அவளும் அப்படியே மனதில் வைத்துக்கொண்டாள்.

பல்கலைக்கழகத்தில் அவள் முகாமைத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, அரையாண்டு போலந்து நாட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வர மாணவர்களைத் தெரிவு செய்தார்கள். நேர்முகத்தில், "தெரியாத நாட்டில் பிரச்சினை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். "வருவதற்கு முன்பே கண்டுபிடிப்பேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் சிரித்தார்களாம். அவளுடைய பிரிவில் அவளை மட்டும்தான் எடுத்தார்கள். ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை இதை எல்லாருக்கும் அறிவித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் ஓர் ஆள் குறையப்போவதை ஊருக்கே சொல்லியிருக்க வேண்டியதில்லை.

நான் திருகோணமலைச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஜவ்பர் நாநாவின் கருவாட்டு ஸ்டோரில் வேலை செய்கிறேன். குச்சவெளியிலிருந்தும் கட்டைபறிச்சானிலிருந்தும் வருகிற கருவாட்டைத் தரம் பிரித்து, சாக்கில் போட்டுக் கட்டி, வெளியூர் லொறிக்கு ஏற்றுவோம். கட்டுவதுதான் என் வேலை. எங்கள் கட்டில் ஒரு விசயம் இருக்கிறது. சாக்கின் வாயைச் சுருக்கி, சணல் கயிற்றை எல்லாரும்போல ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவோம். கடைசிச் சுற்றை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி, நுனியை அதற்கு அடியில் செருகுவோம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வழியில் யாராவது அவிழ்த்து, நல்ல துண்டுகளை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டினால், கை பழகியபடி முழுவதையும் ஒரே பக்கமாகச் சுற்றிவிடுவார்கள். வாங்குகிற கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஸ்டோருக்கு வருவதற்கு முன்பே இந்தக் கட்டை எனக்குக் காட்டித் தந்தது அம்மா. நான் நிரோஷினிக்குக் காட்டினேன்.

அவள் புறப்பட்டபோது, பயணப் பெட்டிக்குள் வைக்க நல்ல பாரைக் கருவாடாகப் பார்த்து எடுத்து, குடல் முள் இல்லாமல் துடைத்து, வால் எல்லாம் ஒரு பக்கம் பார்க்க அடுக்கி, துணிப் பையில் போட்டுக் கொடுத்தேன். பையின் வாயைக் கட்ட நல்ல சணலும் வைத்தேன்.

அவள் போய்ச் சேர்ந்த கிழமையே ஒரு மத்தியான நேரம், நாங்கள் ஸ்டோரில் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. அங்கே அப்போது காலை.

"அக்கா, கோட்டைக் கழட்டித் தரச் சொல்லுறாங்கள்."

"ஆர்?"

"கம்பஸ் வாசலிலை ஒரு அம்மா நிக்கிறா. எல்லாற்றை கோட்டையும் வாங்கிக் கொழுவிப்போட்டு, நம்பர் அடிச்ச வில்லையொண்டு தாறா. கோட்டோடை விரிவுரைக்குப் போக ஏலாதாம்."

"பாஸ்போட் எங்கை?"

"கோட்டுக்குள்ளை."

"எடு முதல்லை. பொக்கற்றிலை ஒரு துண்டுக் கடதாசியும் விடாதை. அந்த அம்மாவின்ரை முகத்தை வடிவாப் பாத்து வை."

பக்கத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்த ஸுல்பிகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரைக்கேறிவிட்டது. ஸுல்பிகாவும் நானும் ஒரே நாளில் ஸ்டோரில் சேர்ந்தவர்கள்.

"ஏன்டி மாகிரட், அந்தக் குளிருக்க ஒன்ட தங்கச்சிட கோட்ட எடுத்து அந்த மனிசி என்ன, கடையா போடப் போறா?"

"கோட்டுக்காரர் எல்லாரும் உள்ளுக்கு. கோட்டு முழுக்க வெளியிலை ஒரு ஆளின்ரை கையிலை. நீ குடுப்பியோ?"

"எனக்கிட்ட கோட்டே இல்ல" என்றாள் ஸுல்பிகா.

அங்கே விரிவுரை சொன்ன நேரத்துக்குக் கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்குவதுதான் வழக்கமாம். அது தெரியாமல் முதல் நாள் இவள் முதல் ஆளாகப் போய், வெறும் கதிரைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறாள். யாரோ தன்னைப் பிழையான அறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுந்து வெளியே வரும்போதுதான் மற்றவர்கள் ஆறுதலாக உள்ளே வந்தார்களாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நம் கொழுக்கட்டை மாதிரி ஒன்று கிடைக்கும், ஆனால் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பிய்த்துப் பார்க்காமல் அவள் வாயில் வைப்பதில்லை. விடுதி வாசலில் இன்னொரு அம்மா. வெளியே போகும்போது அறைத் திறப்பை அவவிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அறைத் திறப்பைத் தெரியாத ஆளிடம் கொடுக்கிற வழக்கத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

நாலைந்து பேர் சேர்ந்து செய்கிற குழு வேலையென்று ஒன்று. அதற்காகக் கூட்டாளிமார் நம்பர் கேட்டபோது, இவள் என்னுடைய நம்பரைக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து எத்தனை மணிக்கு நூலகத்தில் கூடுவது, யார் எந்தப் பகுதியைச் செய்வது என்பதெல்லாம் இங்கிலிஷில் ஜவ்பர் நாநாவின் ஸ்டோருக்கு வந்துகொண்டிருந்தது. கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றையும் அவளுக்கு அனுப்பி வைத்தேன். ஒன்றையும் தவற விடவில்லை. ஆனாலும் சில வேளை சாக்குக் கட்டி முடித்து நான் போனைப் பார்க்கும்போது அங்கே கூட்டம் முடிந்திருக்கும்.

விடுதியில் மூன்று அறைகளுக்கு ஒரு குசினி. மற்ற இரண்டு அறைகளிலும் இவளைப்போலவே வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்கள். ஒருத்தி ஜோர்ஜியா நாட்டுக்காரி, பெயர் நினோ. எந்நேரமும் காதில் பாட்டுக் கேட்கிற கருவியோடு திரிவாள். மற்றவள் போர்த்துக்கல்லிலிருந்து வந்த இனெஸ். கண்ட இடமெல்லாம் சிரிப்பாள். நிரோஷினிக்கு இருவரையும் பிடிக்கவில்லை. ஒருத்தி ஏன் கதைக்கிறாள் இல்லை, மற்றவள் ஏன் சிரிக்கிறாள் என்று தெரியவில்லையாம்.

குசினி அலுமாரியில் ஆளுக்கொரு தட்டு. இவளுடைய தட்டில் கருவாட்டுப் பை இருந்தது. சனிக்கிழமைகளில் ஒரு துண்டைப் பொரித்துச் சோற்றோடு சாப்பிடுவாள். ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா, நீங்கள் பையை நிரப்பித்தானே தந்தனீங்கள்?"

"வாய் வரைக்கும்."

"குறைஞ்சு கிடக்கு. அடுக்கும் கலைஞ்சிருக்கு. ஒரு வால் அந்தப் பக்கம் பாக்குது."

"கட்டு?"

"சரியாத்தான் இருக்கு. கடைசிச் சுத்து எதிர்ப்பக்கம்."

"நல்லாத் தடவிப் பாத்தனியா?"

"பாத்திட்டன் அக்கா. ஒருதரும் துறக்காத மாதிரித்தான் இருக்கு."

கட்டுப் பிழைத்திருந்தால் அது வெறும் களவு. கட்டுச் சரியாக இருந்து கருவாடு குறைந்தால் அது வேறு விசயம். இவள் கட்டும்போது யாரோ பின்னால் நின்று அவளுடைய கையைப் பார்த்திருக்க வேண்டும். கருவாட்டுக்காக ஒரு ஆள் அவ்வளவு தூரம் மினக்கெடுமா? அப்படி மினக்கெடுகிற ஆள் வேறு என்னவெல்லாம் பார்த்து வைத்திருக்கும்?

முதலில் நினோமேல்தான் சந்தேகம் வந்தது. இவள் கருவாடு பொரிக்கிற நாட்களில் நினோ மூக்கைப் பிடித்துக்கொண்டு குசினியை விட்டுப் போய்விடுவாளாம். தின்பதற்கு எடுக்கவில்லை, மணத்துக்காக எடுத்து வெளியே எறிகிறாள் என்று நினைத்தோம். குப்பை வாளியைக் கிளறிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். ஒரு செதிலும் இல்லை. பிறகு திறப்பு வாங்குகிற அம்மாமேல் சந்தேகம் போனது. அங்கேயும் குறைகிறதா என்று பார்க்க, நிரோஷினி பையைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். உடுப்பெல்லாம் மணந்து, விரிவுரையில் பக்கத்தில் இருந்தவர்கள் கதிரையை நகர்த்தினார்கள். திரும்பக் குசினிக்கே கொண்டுபோனாள்.

அவள் உள்ளுக்குள் உடைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. விரிவுரை முடிந்ததும் நூலகத்துக்குப் போகாமல் பையைப் பார்க்க ஓடி வருவாள். குழு வேலைக்காரர் ஸ்டோருக்கு அனுப்புகிற செய்திகள் கோபமாக வரத் தொடங்கின. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர். குசினியில் யார் நடந்தாலும் கதவோரம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாளாம்.

"எனக்கு ஏலாது அக்கா. நத்தாருக்கு முதல் வரப்போறன். டிக்கெட்டை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டனான்."

"சோதினை?"

"எழுதப்போறேல்லை."

பரீட்சை கிறிஸ்மஸுக்குப் பிறகுதான். அதை எழுதாமல் வந்தால் அந்த அரையாண்டு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. கூடப் படிக்கிறவர்கள் பட்டம் வாங்கும்போது இவள் கீழ் வகுப்பில் இருப்பாள். பூசையில் அறிவித்த இடம் வீணாகும். அதே நேரம், கையைப் பார்த்துக் கட்டுப் பழகுகிற ஓர் ஆளோடு என் தங்கை ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு கிழமை பொறு, ஆளைப் பிடித்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன். அவள் அரை மனதோடு சம்மதித்தாள்.

அந்தக் கிழமைதான் ஸுல்பிகா ஒரு சாக்கைக் கட்டிவிட்டு, தலையில் கை வைத்துவிட்டுத் திரும்ப அவிழ்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"கடசிச் சுத்த மறந்திட்டன். நீ காட்டித் தந்து எவ்வளவு காலம்? இன்னும் நினச்சிக்கிட்டுத்தான் கட்ட வேண்டிக் கிடக்கு. நினைக்காட்டி என்ட கை ஒரே பக்கம் சுத்திப் போடுது. ஒனக்கு மட்டும் எப்பிடி பிழைக்கிறல்ல?"

"நான் நினைக்கிறேல்லை. கை தன்பாட்டிலை திரும்பும்."

சொல்லிவிட்டு நான் அப்படியே நின்றேன். பிறகு கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தேன்.

"பிள்ளை, இண்டைக்குக் கட்டும்போது கடைசிச் சுத்தைத் திருப்பாதை. எல்லாரும் கட்டுற மாதிரி ஒரே பக்கமாச் சுத்து."

"ஏன்? அப்ப துறந்தது எப்பிடித் தெரியும்?"

"உன்னைப் பாத்துப் பழகின ஆளெண்டா, நீ இண்டைக்குக் கட்டி வைச்ச மாதிரியே பாத்துக் கட்டும். தன்ரை கைப்பழக்கத்திலை கட்டுற ஆளெண்டா, கடைசிச் சுத்து தன்பாட்டிலை திரும்பியிருக்கும். எது எண்டு பாப்பம்."

இரண்டு நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய குரல் மிகவும் தணிந்து வந்தது.

"அக்கா, எதிர்ப்பக்கம் கிடக்கு. நான் அப்பிடிக் கட்டேல்லை."

"அப்ப உன்ரை கையைப் பாத்த ஆளில்லை. அது தன்ரை வீட்டிலை சாக்குக் கட்டின ஆள். கருவாட்டு வீட்டுப் பிள்ளை."

"இஞ்சை ஆர் அக்கா கருவாட்டு வீடு?"

"அந்த நினோவின்ரை தகப்பன் என்ன தொழில்?"

"தெரியாது."

"மற்றவள் கடற்கரைப் பக்கமோ?"

"போர்த்துக்கல் எண்டு மட்டும் தெரியும். அங்கை கடலும் இருக்கு, மலையும் இருக்கு."

இரண்டு மாதத்துக்கு மேலாக ஒரே குசினியில் சமைக்கிறார்கள். ஆனாலும் இவள் அவர்களிடம் ஒன்றும் கேட்டதில்லை, தன்னைப் பற்றி ஒன்றும் சொன்னதுமில்லை. நான் வளர்த்தபடியே இருந்திருக்கிறாள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இப்போது கேட்காமல் ஆளைப் பிடிக்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று பேரும் குசினியில் இருந்தபோது, நிரோஷினி சீனிப் பேணியில் போனைச் சாய்த்து வைத்தாள். நான் வீட்டிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அரிசிப் பை ஒன்றை எடுத்து, தன் கை ஈரமாக இருக்கிறது, இதை ஒருக்கால் கட்டித் தருகிறீர்களா என்று நினோவிடம் சணலைக் கொடுத்தாள். நினோ காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுச் சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் பூவாக முடிந்து வைத்தாள். அது அவிழ்ந்து விழுந்தது. அவளுடைய கையில் சாக்குப் பட்டதே இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இனெஸ் சிரித்துக்கொண்டே சணலைப் பிடுங்கினாள். பையின் வாயை ஒரு கையால் முறுக்கி, மற்றக் கையால் சுற்றிக்கொண்டு போனாள். என்னவோ கதைத்தபடி இருந்ததால் கையைப் பார்க்கவேயில்லை. கடைசியில் விரல் தன்பாட்டில் எதிர்ப்பக்கம் திரும்பி நுனியைச் செருகியது. அம்மாவின் கையைப் பார்த்ததுபோல் இருந்தது.

நிரோஷினி, அவிழ்க்காமலே வைத்திருந்த கருவாட்டுப் பையை எடுத்து வந்து, அரிசிப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே கட்டு. இனெஸின் சிரிப்பு நின்றது. முகம் கழுத்து வரைக்கும் சிவந்து போனது. நினோ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் தேநீரை எடுத்துக்கொண்டு மெதுவாக அறைக்குப் போய்விட்டாள்.

அவர்கள் பிறகு கதைத்ததை நிரோஷினி எனக்கு அன்றைக்கே சொன்னாள். இனெஸின் ஊர் கடற்கரை. அவளுடைய தாய், வீட்டுக்கு முன்னால் மணலில் தட்டி வைத்து மீன் காயப் போடுகிறவ. விடுதிக்கு வந்த அன்றே அலுமாரியைத் திறந்ததும் மணத்தைப் பிடித்துவிட்டாளாம். இரவில் துண்டு துண்டாகக் கிழித்து, பாணோடு பச்சையாகவே தின்றிருக்கிறாள்.

"கேட்டிருந்தா நான் குடுத்திருப்பன்தானே எண்டு சொன்னனான் அக்கா."

"அதுக்கு என்ன சொன்னாள்?"

"ரெண்டு தரம் கேக்க வந்தவவாம். ரெண்டு தரமும் நான் கதவைச் சாத்திப் பூட்டுற சத்தம் கேட்டதாம்."

"நல்ல கதை. களவெடுத்தவளுக்கு வாயும் பெரிசு. அவளின்ரை ஊரிலை ஏன் அப்பிடிக் கட்டுறினம் எண்டு கேட்டனியா?"

"கேட்டனான். சந்தைக்குப் போற வழியிலை ஆக்கள் எடுப்பினமாம்."

"பாத்தியா? அவளின்ரை ஊரிலையும் கள்ளர்தான். விடுதிக் கந்தோரிலை போய்ச் சொல்லு. ஆளைப் பிடிச்சுக் குடுக்கிறதுக்குத்தானே இவ்வளவு மினக்கெட்டனாங்கள்."

"சொன்னா அவவை விடுதியிலையிருந்து எழுப்பிப் போடுவினம் அக்கா. நான் சொல்லமாட்டன்."

அவள் எனக்கு மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப டிக்கெட்டை மாத்து. கள்ளியோடை ஒரு வீட்டிலை நீ இருக்கத் தேவையில்லை. படிப்புப் போனாப் போகட்டும், வா."



"இல்லை அக்கா. இவ்வளவு நாளும் ஆரெண்டு தெரியாத வீட்டிலை இருந்தனான், அதுதான் ஏலாமல் போச்சு. இப்ப ஆரெண்டு தெரியும், எதை எடுப்பா எண்டும் தெரியும். நான் இருந்து சோதினை எழுதப்போறன்."

சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவள் நான். சந்தேகம் தீர்ந்த பிறகு என்ன செய்வதென்று அவளாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த நாள் ஸ்டோரில் ஸுல்பிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்தப் புள்ளைக்கும் ஜவ்பர் நாநாக்கிட்ட ஒரு வேல கேப்பமா?" என்றாள். "பழக்கித் தரவும் தேவையில்ல."

குழு வேலைக்காரருக்கு நிரோஷினி அந்தக் கிழமையே தன் சொந்த நம்பரைக் கொடுத்துவிட்டாள். எனக்கு வந்த கடைசிச் செய்தி, இனி இந்த நம்பருக்கு அனுப்பமாட்டோம், மன்னிக்கவும் என்பதுதான். மத்தியானங்களில் போன் வருவதும் குறைந்தது. குறைந்தபோது என்ன மறைக்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் சொல்லாமல் வீடியோவில் எடுத்துப் பார்த்தேன். குசினி மேசையில் புத்தகங்கள் பரவிக் கிடந்தன. எதிரே இனெஸ் இருந்து, ஒரு கணக்கைக் காட்டி அவளோடு வாதாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இனெஸ் கதிரையை விட்டு எழுந்து நின்றாள். நானும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

இனெஸைப் பற்றிய என் கருத்து இன்றைக்கும் மாறவில்லை. நல்ல பிள்ளைதான், கள்ளியும்தான். அவளோடு ஒரே மேசையில் இருந்து படித்துத்தான் நிரோஷினி எல்லாப் பாடமும் சித்தியடைந்து, தன்னுடைய வகுப்புக்கே திரும்பி வந்தாள்.